கலைமணியின் இரு பாதிகள்

ரவா கேசரியில் எத்தனை முந்திரி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இரண்டு வழிகள் இருக்கின்றன, மேடம். நம் பக்கத்துக் கல்யாணங்களில் முந்திரிக்குக் குறைவே இருக்காது. அதனால் அதையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். முதல் வழி, கேசரியைத் தட்டில் கொட்டி ஆறவிட்டு மெல்லிய வில்லைகளாக அறுப்பது. எல்லா வில்லைகளையும் எண்ண நேரம் இருக்காது. பத்துக்கு ஒன்று என்று எடுத்து, அதில் தெரியும் முந்திரியை எண்ணிப் பத்தால் பெருக்க வேண்டும். இரண்டாவது வழி, மொத்தக் கேசரியையும் ஒரு குண்டான் வெந்நீரில் போட்டுக் கரைத்துவிடுவது. ரவை குழைந்து போகும், முந்திரி மட்டும் முழுதாக நிற்கும். நன்றாகக் கலக்கி ஒரு கரண்டி மொண்டு, அதில் இருப்பதை எண்ணி, குண்டானில் எத்தனை கரண்டி என்று பெருக்கினால் கணக்கு வந்துவிடும்.

முதல் வழியில் ஒரு சிக்கல் உண்டு. கத்தி ஒரு முந்திரியின் நடுவே போனால் அதே முந்திரி இரண்டு வில்லைகளிலும் தலைகாட்டும். ஒன்றை இரண்டாக எண்ணிவிடுவோம். இரண்டாவது வழியில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் பிறகு கேசரி இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று மட்டும்தான் நீங்கள் கேட்டீர்கள். அதைச் சொல்லத்தான் போகிறேன். இதைச் சொல்லாமல் அதைச் சொன்னால், மனைவியைக் கொன்ற மற்ற ஆண்களின் வரிசையில் என்னையும் உட்கார வைத்துவிடுவீர்கள். குடி, சந்தேகம், இன்னொரு பெண் என்று எதையாவது எழுதிக்கொள்வீர்கள். என் விஷயத்தில் அதெல்லாம் இல்லை. எங்களுக்குள் முப்பத்தைந்து வருடத்தில் பெரிய சண்டை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் எனக்கு யோசிக்க வேண்டியிருக்கும்.

நான் உடற்கூறியல் வாத்தியார். சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் சாலையில் இருக்கும் எங்கள் கல்லூரியின் பெயர் செய்தித்தாளில் வராமல் பார்த்துக்கொண்டால் நல்லது. அவர்களுக்கு எதுவும் தெரியாது. என் ஆராய்ச்சி மூளையின் செல்களை எண்ணுவது. கேசரிக்குச் சொன்ன அதே இரண்டு வழிகள்தான் இதற்கும். மூளையை முடியைவிட மெல்லிய சீவல்களாக அறுத்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்து எண்ணலாம். அல்லது சோப்பு மாதிரியான ஒரு திரவத்தில் போட்டு, கண்ணாடிக் குழாயில் அரைத்துக் கரைத்துவிடலாம். செல்லின் சுவர் கரைந்துவிடும், உள்ளே இருக்கும் உட்கரு கரையாது. ஒரு செல்லுக்கு ஓர் உட்கரு. நீலச் சாயம் போட்டால் இருட்டில் நட்சத்திரம் மாதிரி ஒவ்வொன்றும் தெரியும். ஒரு துளி எடுத்து எண்ணினால் போதும்.

எங்கள் ஆய்வகத்தில் அந்தக் கரைசலுக்கு ரசம் என்று பெயர். வைத்தது ஜெனிபர். ஆரோக்கிய ஜெனிபர், ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்ன பெண். கடலூர் முதுநகரிலிருந்து பஸ்ஸில் வருவாள். எனக்குக் கீழே உதவிப் பேராசிரியர். அவள் சீவல் கட்சி, நான் ரசம் கட்சி. காலையில் உள்ளே நுழையும்போதே, "சார், ரசம் நுரை கட்டிடுச்சா?" என்றுதான் கேட்பாள்.

சீவலில் எண்ணும் முறையையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதில் ஓர் அழகு இருக்கிறது. திரையில் ஒரு சதுரம் வரும். அதன் இரண்டு பக்கக் கோடுகள் பச்சை, இரண்டு சிவப்பு. சதுரத்துக்குள் இருக்கும் செல்லை எண்ணலாம். பச்சைக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் எண்ணலாம். சிவப்பைத் தொட்டால் எண்ணக் கூடாது. அவ்வளவுதான் விதி. இந்த ஒரு விதியால் எந்தச் செல்லும் இரண்டு முறை எண்ணப்படாது, எதுவும் விட்டும் போகாது. மாணவர்களுக்கு இதை விளக்க நான் அரை மணி நேரம் எடுத்துக்கொள்வேன். ஜெனிபர் ஒரே வரியில் முடித்துவிடுவாள். "பஸ்ல துண்டு போட்டு சீட்டு புடிக்கிற மாதிரிதான்பா. ஜன்னல் பக்கம் துண்டு பட்டா நம்ம சீட்டு, வழிப் பக்கம் பட்டா இல்ல."

இரண்டு முறைகளும் ஒரே விடையைத் தர வேண்டும். தரவில்லை. எங்கள் கல்லூரி அலமாரியில் இருந்த மூளைகளை எடுத்து ஒரு பாதியைச் சீவி, மறுபாதியைக் கரைத்துப் பார்த்தோம். ஜெனிபரின் எண்ணிக்கை ஒன்று சொன்னது, என் ரசம் வேறொன்று சொன்னது. என்னுடையதில் நரம்புச் செல்கள் எப்போதும் குறைவாகவே வந்தன.

காரணம் எனக்குத் தெரியும். மூளையில் நரம்புச் செல்களும் உண்டு, அவற்றுக்குப் பணிவிடை செய்யும் செல்களும் உண்டு. நீலச் சாயம் எல்லாவற்றிலும் ஏறும். நரம்புச் செல்லை மட்டும் பிரித்துக் காட்ட வேறொரு சாயம் இருக்கிறது, சிவப்பாக ஒளிரும். அது கொஞ்சம் முசுடு. இறந்து பல மணி நேரம் கழித்து எடுத்த மூளையில் சரியாக ஒட்டாது. உடலைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் பல வருடம் ஊறிய மூளையிலும் ஒட்டாது. செல் இருக்கும், சாயம் ஏறாததால் இல்லை என்று எண்ணிவிடுவோம். எலிகளிடம் இந்தத் தொல்லை இல்லை. எலியை மயக்கத்தில் ஆழ்த்தி, இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே அதன் வழியாக ஃபார்மலினை அனுப்புவோம். ரத்தம் முழுவதும் வெளியேறி, திரவம் கடைசிச் செல் வரைக்கும் போய்ச் சேரும். அந்த மூளை கண்ணாடி மாதிரி இருக்கும். சீவினாலும் கரைத்தாலும் விடை ஒன்றேதான்.

ஒரு நாள் டீ குடிக்கும்போது ஜெனிபர் சொன்னாள், "எலிக்குப் பண்ற மாதிரி ஒரே ஒரு மனுஷ மூளைய எடுக்க முடிஞ்சா நம்ம சண்ட அன்னிக்கே தீந்துடும் சார்." வேடிக்கையாகச் சொன்னதுதான். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். இதற்காக அவளை நீங்கள் எதுவும் கேட்கக் கூடாது.

இனி என் மனைவி கலைமணியைப் பற்றிச் சொல்கிறேன்.

அவள் என் அத்தை மகள். கீரப்பாளையம். சிதம்பரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக வேலை பார்த்த காலத்தில் அவளுக்கு ஊரில் பாதிப் பேருடைய நம்பர் மனப்பாடம். கடைத்தெருவில் நடந்தால் ஆளைப் பார்த்து நம்பரைச் சொல்வாள். பட்டுப் புடவைக் கடைக்காரரை, "அதோ டூ டூ ஃபோர் செவன் போறாரு மாமா" என்று காட்டுவாள். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

மறதி ஆரம்பித்தபோது நம்பர்கள்தான் முதலில் போகும் என்று நினைத்தேன். அவை நின்றன. போனது ஆட்கள். பால்காரர் மாமாவானார். சிலிண்டர் கொண்டுவரும் பையன் மாமாவானான். டிவியில் செய்தி வாசிப்பவரைப் பார்த்து, "மாமா சாப்ட்டீங்களா?" என்று கேட்பாள். ஆண் என்று ஒருவர் வாசலில் தெரிந்தால் மாமா. நான் மட்டும் சார் ஆனேன். எனக்கு இது ஒரு கெட்டுப்போன சாயம் மாதிரி தெரிந்தது, மேடம். ஒட்டக் கூடாத எல்லாவற்றிலும் ஒட்டியது, ஒட்ட வேண்டிய ஒன்றை விட்டுவிட்டது. மாலையில் நான் கல்லூரியிலிருந்து வந்து சட்டையைக் கழற்றினால் எழுந்து நின்றுகொள்வாள். "என்ன சார், இங்கயே இருக்கீங்க. உங்க வூட்டுக்குப் போவலயா?" என்பாள். மரியாதையாகத்தான் கேட்பாள். நான் மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டு, அவள் தூங்கிய பிறகு இறங்கி வருவேன். அது என் வீடு.

புதுச்சேரியில் பெரிய டாக்டரிடம் காட்டினேன். ஸ்கேனில் மூளை சுருங்கியிருந்தது. நான் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். செல்கள் செத்துப்போனதால் சுருங்கியதா, அல்லது செல்கள் இருந்துகொண்டே ஒவ்வொன்றும் சிறுத்துப்போனதால் சுருங்கியதா? இரண்டும் ஸ்கேனில் ஒரே மாதிரி தெரியும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பந்தியில் ஆட்கள் எழுந்து போய்விட்டால் இலை காலியாக இருக்கும். ஆட்கள் உட்கார்ந்தே இருந்து, யாரும் பரிமாறாவிட்டாலும் இலை காலியாகத்தான் இருக்கும். அவர் ஸ்கேனை உறையில் போட்டுக்கொண்டே, "அது தெரிஞ்சு என்ன சார் பண்ணப் போறீங்க?" என்றார்.

அதைத்தான் எல்லாரும் கேட்டார்கள். கலைமணியின் தங்கை சந்திரலேகா கடலூரில் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறாள். ஒரு தடவை வந்து இரண்டு நாள் இருந்தாள். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அக்கா எப்பவோ போயிட்டா மாமா. நீங்கதான் வெறும் உடம்ப வெச்சிக்கிட்டு அல்லாடுறீங்க. ஹோம்ல வுட்டுடலாம், நான் பாத்துக் கேட்டு வெக்குறேன்." எங்கள் குடும்ப டாக்டர் வேறு வார்த்தைகளில் அதையே சொன்னார். பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள வரும் மாரியம்மாள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "அம்மா எங்கயும் போவல சார். வெவரமாத்தான் இருக்காங்க. நான் தின்னுடுவேன்னு வாழப்பழத்தத் தலவாணிக்குள்ள ஒளிச்சி வெக்குறாங்கன்னா பாத்துக்குங்களேன்." பொருளை ஒளித்து வைப்பது இந்த நோயின் குணம் என்று அவளுக்கு விளக்கினேன். "போங்க சார், எங்க மாமியாருக்கு எந்த நோவும் இல்ல, அதுவும் ஒளிச்சித்தான் வெக்கும்" என்றாள்.

ஆக, போய்விட்டாள் என்று சொன்னவர்களிடமும் ஆதாரம் இல்லை, இருக்கிறாள் என்று சொன்னவளிடமும் இல்லை. அவளை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணாமலே கழித்துவிட்டார்கள்.

நான் எப்படி இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். வகுப்பில் பாடத்தின் நடுவே நின்றுவிடுவேன். சாப்பாட்டைப் பிசைந்து வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளே யாரும் இல்லை என்றால், நான் ஒரு காலி வீட்டுக்குக் காவல் இருக்கிறேன். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இருக்கிறாள் என்றால்? செல்கள் எல்லாம் இருக்கின்றன, கலைமணி முழுதாக உள்ளே இருக்கிறாள், எங்கள் பேச்செல்லாம் அவள் காதில் விழுகிறது, பதில் மட்டும் வெளியே வரவில்லை என்றால்? தன் தங்கை தன்னைப் போய்விட்டாள் என்று சொன்னதை அவள் கேட்டிருப்பாள். நான் மாடிக்குப் போய் உட்காருவதை அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். இதில் எது என்று தெரியாமல் ஒரு மனிதன் எத்தனை நாள் அவளுக்குத் தலை வாரிவிட முடியும்? குளிப்பாட்டும்போது அவள் பயந்து என் கையைக் கடிப்பாள். கடிப்பது யார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

எதையெதையோ செய்து பார்த்தேன். பழைய போட்டோக்களைக் காட்டினேன். கீரப்பாளையத்துக்குக் கூட்டிப்போய் அவள் படித்த பள்ளிக்கூடத்தின் முன்னால் நிறுத்தினேன். பட்டுப் புடவைக் கடைக்காரரையே வீட்டுக்கு வரவழைத்தேன். அவரை மாமா என்றாள். பிறகு, யாரும் கேட்காமலே, டூ டூ ஃபோர் செவன் என்றாள். கடைக்காரர் அழுதுவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. நம்பர் இருக்கிறது, ஆள் இல்லை. இதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

காத்திருந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். உடல் தானத்துக்கு நாங்கள் இரண்டு பேருமே அவள் நல்லபடியாக இருந்த காலத்திலேயே சம்மதித்திருந்தோம். அவள் காலம் முடிந்த பிறகு எண்ணியிருக்கலாம் என்று தோன்றும். இந்த நோயாளிகள் எப்படிப் போவார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன். நெஞ்சுச் சளி, ஐசியூ, செயற்கை மூச்சு, பிராணவாயு போதாமல் கிடக்கும் நாட்கள், அப்புறம் குளிர்ப்பெட்டி, சொந்தக்காரர்கள் வரும் வரை. என் கைக்கு வரும்போது அந்த மூளையில் எந்தச் சாயமும் ஏறாது. இருந்தாளா இல்லையா என்று கடைசி வரை தெரியாமலே போயிருக்கும். யோசித்துப் பார்த்தபோது காத்திருப்பதுதான் அவளுக்குச் செய்யும் பெரிய கொடுமையாக எனக்குப் பட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாரியம்மாள் லீவு. அவள் அண்ணன் பேத்திக்குக் காது குத்து. நான் கலைமணியைக் குளிப்பாட்டினேன். அன்றைக்குக் கடிக்கவில்லை. மாம்பழக் கலர் புடவை கட்டிவிட்டேன். காரில் முன் சீட்டில் உட்கார வைத்தேன். அவளுக்குக் கார் பயணம் பிடிக்கும். வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் கண்ணாடியை இறக்கச் சொன்னாள். புதுச்சத்திரம் பக்கத்தில் உப்புக் காற்று வந்தபோது, "கடலூரா சார் போறோம்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "சந்திரா வூட்டுக்கா?" என்றாள். அதற்கும் ஆமாம் என்றேன். அவளிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். தங்கையின் பெயரை அவள் சரியாகச் சொன்னதையும் கவனித்தேன். நான் எதையும் கவனிக்காமல் விடுகிறவன் அல்ல.

கல்லூரி வாசலில் வாட்ச்மேன் ராஜமாணிக்கம் எழுந்து சல்யூட் அடித்தார். "அம்மாவையும் கூட்டியாந்துட்டீங்களா சார், நல்லதா போச்சி. வெளிக் காத்து பட்டாத்தான் தெம்பு வரும்" என்றார். கலைமணி அவரைப் பார்த்துச் சிரித்து, "வரேன் மாமா" என்றாள். உள்ளே அவளாகவே நடந்து வந்தாள். நான் கையைப் பிடித்து இழுக்கவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். உடற்கூறு அறையில் சுவரோரமாக இருக்கும் உயரமான ஸ்டூலில் உட்கார வைத்தேன். கால் தரையில் எட்டவில்லை, சின்னப் பெண் மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வலி தெரியவில்லை. மயக்க மருந்தின் அளவை அவள் எடைக்கு இரண்டு முறை கணக்குப் போட்டேன். மயக்கம் ஆழமான பிறகு மேஜையில் படுக்க வைத்து, எலிகளுக்குச் செய்வதைச் செய்தேன். இதயம் நன்றாக வேலை செய்தது. அவளுக்கு எப்போதுமே நல்ல இதயம். அதுதான் திரவத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அது நின்ற பிறகு, பிரேதங்களுக்குத் திரவம் ஏற்றும் மோட்டாரைப் போட்டு மீதியை முடித்தேன்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் வழக்கமான வேலைகள்தான். வீட்டில் தூக்கத்திலேயே போய்விட்டாள், அவள் விருப்பப்படி உடனே கல்லூரிக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்று எல்லாருக்கும் போன் செய்தேன். குடும்ப டாக்டர் வந்து பார்க்கவில்லை, என் பேச்சை நம்பிச் சான்றிதழ் கொடுத்தார். அவர் வயதானவர், நல்லவர், அவரையும் தொல்லை செய்யாதீர்கள். சந்திரலேகா வந்து காலடியில் உட்கார்ந்து அழுதாள். "நல்ல சாவு மாமா. அக்காவுக்கு விடுதல கெடச்சிது" என்றாள். ராஜமாணிக்கம் மட்டும் தூரத்தில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா உயிரோடு உள்ளே வந்ததை அவர் பார்த்திருந்தார். பத்து வருடமாக எனக்குச் சல்யூட் அடிப்பவர், எப்படிக் கேட்பார்?

மூளையை நடுவில் பிரித்தேன். இடது பாதி ஜெனிபருக்கு, வலது பாதி எனக்கு. யாருடையது என்று தெரிந்தால் கை ஒரு பக்கம் சாயும். அதனால் எங்கள் வழக்கப்படி ஒரு குறியீடு மட்டும் போட்டுக் கொடுத்தேன். அவளும் வழக்கப்படி கேட்கவில்லை. என் பாதியை நானே கரைத்தேன். கண்ணாடிக் குழாயில் மெதுவாக மேலும் கீழும் அரைக்க வேண்டும், வேகமாகச் செய்தால் உட்கருக்கள் உடைந்துவிடும். ஒவ்வொரு பகுதியாக, பொறுமையாகச் செய்தேன். அந்த நாட்களில் நான் மாடிக்குப் போகவில்லை, மேடம். வீட்டில் கட்டிலிலேயே படுத்துத் தூங்கினேன். அந்த மாதிரி தூக்கம் வந்து வருடக் கணக்காகியிருந்தது.

சிவப்புச் சாயம் ஏறியதைப் பார்த்தபோது ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு நட்சத்திரங்கள். நினைவு உள்ளே நுழையும் சின்ன வாசல் ஒன்று இருக்கிறது, காதுக்கு உள்பக்கமாக, சுண்டு விரல் அளவு. அங்கே குறைவுதான், மறுக்கவில்லை. புதிதாக எதுவும் உள்ளே போக முடியாததற்கு அது காரணம். ஆனால் பழையவை தங்கியிருக்கும் பெரிய பரப்பில், அவள் வயதில் நோய் இல்லாத ஒருவருக்கு எத்தனை இருக்குமோ கிட்டத்தட்ட அத்தனையும் இருந்தன. சிறுத்திருந்தன, ஆனால் இருந்தன.

ஒரு வாரம் கழித்து ஜெனிபர் தன் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். சீவலும் ரசமும் முதல் தடவையாக ஒரே விடையைச் சொல்லியிருந்தன. "சார், சண்ட முடிஞ்சிது. ரெண்டு பேருமே ஜெயிச்சிட்டோம்" என்றாள். கேன்டீனிலிருந்து எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கிவரச் சொன்னாள். படம் எடுத்து வைப்பதற்காகத் திரும்பவும் மைக்ராஸ்கோப்புக்குப் போனாள். அங்கேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். பஜ்ஜி வந்து ஆறியும் எழுந்து வரவில்லை. நான் பக்கத்தில் போனேன்.

"சார், இதுல ரத்தக் குழாயெல்லாம் காலியா இருக்கு."

ஆமாம் என்றேன்.

"மனுஷ மூளையில செவப்பணு இல்லாம நான் பாத்ததே இல்ல சார். பிரேதப் பரிசோதனையில வந்தது, தானமா வந்தது, எல்லாத்துலயும் குழாய்க்குள்ள ரத்தம் உறைஞ்சி நிக்கும். இதுல ஒண்ணுகூட இல்ல. இது எலி மூளை மாதிரி இருக்கு."

கண்ணை லென்ஸிலிருந்து எடுக்காமலே பேசினாள். அப்புறம் திரும்பி என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள், "எங்கேந்து சார் வந்துது?"

"எங்க வீட்லேந்து" என்றேன்.

கூட வேலை செய்கிறவரிடம் பொய் சொன்னால் ஆராய்ச்சியே பொய்யாகிவிடும். அதனால் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன், இப்போது உங்களிடம் சொல்வது மாதிரியே, வரிசையாக. முறையின் நுட்பத்தை அவள் புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன். அவள் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். பையை எடுத்தாள், குடையை விட்டுவிட்டுப் போனாள். நான் எண்ணிக்கைகளைத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன், நீங்கள் வந்தீர்கள்.

இதில் மறைக்க எதுவும் இல்லை. கலைமணியை நான்தான் கொன்றேன். யாரும் உதவவில்லை, யாரும் தூண்டவில்லை. அவள் உள்ளே இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, தெரிந்துகொண்டேன். இருந்தாள். சந்திரலேகா சொன்னது தப்பு, டாக்டர்கள் சொன்னது தப்பு. இதை அவர்களிடம் யாராவது சொல்ல வேண்டும்.

மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் அவள் ஏதாவது சொன்னாளா என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். சொன்னாள். முகமூடியை எடுத்துக்கொண்டு கிட்டே போனபோது காலை ஆட்டுவதை நிறுத்தினாள். மேஜையைப் பார்த்தாள், மோட்டாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சபாபதி" என்றாள். சார் இல்லை, மாமா இல்லை. பயந்த குரல் மாதிரியும் இல்லை. தெரிந்தவரை அடையாளம் கண்டுகொண்டு சொல்வது போலத் தெளிவாகச் சொன்னாள்.

அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அது என் பெயர் என்பது உண்மைதான், ஆனால் அவள் சிதம்பரத்தில் வாழ்ந்தவள். இந்த ஊரில் சபாபதி என்றால் முதலில் கோயிலில் ஆடுகிற சாமி, அப்புறம்தான் என்னைப் போன்றவர்கள். கடைசி நேரத்தில் சாமியைக் கூப்பிடுவது இயல்பு. அவள் என்னை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அவள் காலத்துப் பெண்கள் யாரும் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். கோயிலுக்குப் போனால்கூட எல்லாரும் சபாபதே என்று கைகூப்பும்போது இவள் மட்டும் வாயை மூடிக்கொண்டிருப்பாள். ஏன் என்று கேட்டால், அது என் பெயராக இருக்கிறதாம், எப்படிச் சொல்வது என்பாள். முப்பத்தைந்து வருடமும் பெரிய சாமி, பெரிய சாமி என்றுதான் கும்பிட்டாள்.

அன்றைக்கு அவள் சாமியைத்தான் கூப்பிட்டாள், மேடம். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.